ஃபேன் நின்ற சத்தம்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. ஜார்ஜ் டவுனில் கடலோரமாக இருந்த ஒரு ஓட்டலில் எனக்கு வேலை. வீடு கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில். தினமும் ஃபெரி ஏறி வருவேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மண்டபத்தில் நாற்காலி போடுவது, மைக் வைப்பது, பிலிம் ஸ்லைடுகளைத் திரையில் காட்டுவது, இவைதான் என் வேலை.

அந்த வாரம் புற்றுநோய் ஆராய்ச்சி மாநாடு. மூன்று நாள். பல நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். நோயாளியைப் பார்க்கிறவர்கள் இல்லை. புற்றுநோய் செல் ஏன் அப்படிப் பெருகுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கிறவர்கள்.

பெரிய படிப்புதான். ஆனால் ஸ்லைடை ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாது. ஒருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார். இன்னொருவர் மேடை ஏறின பிறகு ஆள் அனுப்புவார். படம் தலைகீழாக விழுந்தால் மண்டபமே திரும்பி என்னைப் பார்க்கும். முன்னால் போ, பின்னால் போ, இல்லை, அதற்கும் முன்னால். எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பாதிதான் புரியும். திட்டினால் மட்டும் முழுக்கப் புரியும்.

இதில் புரொஜெக்டர் தொல்லை வேறு. உள்ளே இருக்கிற விளக்கு நெருப்பாகச் சுடும். அதை ஆற்ற ஒரு சின்ன ஃபேன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லைடு கருகிவிடும். எங்கள் மெஷினில் அது அடிக்கடி நின்றுவிடும். பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி சுற்றும். மாநாடு தொடங்கும் முன்பே சூப்பர்வைசரிடம் சொன்னேன். முதல் நாள் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன்.

"ஓடுதா இல்லியா?"

"தட்டுனா ஓடுது அண்ணே."

"அப்புறம் என்னா? தட்டுலா. கை ரெண்டும் சும்மாதானே இருக்கு!"

அதோடு விட்டுவிட்டேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் வந்தார். தமிழ்ப் பெண். எங்கள் நாட்டிலேயே ஆராய்ச்சி செய்கிறவர். முப்பது வயது இருக்கும். அவர் ஒருவர்தான் ஸ்லைடுகளை நம்பர் போட்டு, முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்டினார்.

"அண்ணே, இது மட்டும் பத்திரம். இதுக்கு நெகட்டிவ் கிடையாது, காப்பியும் எடுக்கல. இந்தப் படத்துல இருக்கிற செல்லும் செத்துப் போச்சு. மறுபடி வளக்கணும்னா மாசக்கணக்கு ஆகும்."

சரி மிஸ் என்றேன்.

அவர் பேசினார். அந்தப் படம் வந்ததும் முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கையைத் தூக்கினார். நீ சொல்வது அந்தப் படத்தில் இல்லை என்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அந்தப் பெண் குச்சியால் காட்டிக் காட்டிப் பதில் சொன்னார். கிழவர் விடவில்லை. இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். படத்தை அப்படியே வைக்கச் சொல்லி எனக்குச் சைகை வந்தது.

அப்போது ஃபேன் நின்றது. எனக்கு நன்றாகக் கேட்டது.

எழுந்து ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். விளக்கையாவது அணைத்திருக்கலாம். மூன்று நாள் எரிச்சல். நாம் சொன்னதை யார் கேட்டார்கள், இவர்கள் வாதாடி முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் செல்கள் உப்பத் தொடங்கின. யாரோ சிரித்தார்கள். சினிமாப் படம் என்று நினைத்தார்களோ என்னவோ. அடுத்த நொடி நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். பிறகு ஓட்டை. பிளாஸ்டிக் கருகிய நாற்றம்.

கிழவர் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் பலகையில் வரைந்து காட்டினார். யாரும் கவனிக்கவில்லை. படம் இருந்தபோதே நம்பாதவர்கள்.

தேநீர் நேரத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னா தம்பி, புத்துநோயையே கொளுத்திட்டியா?"

நான் வாய் திறக்கும் முன் அந்தப் பெண் குறுக்கே வந்தார். "அவர ஏசாதீங்க. நான்தான் ரொம்ப நேரம் வெச்சிருந்தேன்."

சூப்பர்வைசர் போய்விட்டார். சொல்லிவிட்டேன்.

"மிஸ், ஃபேன் கெட்டது. முன்னாடியே தெரியும். நின்னப்பவும் கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா உக்காந்திருந்தீங்க?"

அவர் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நேராக மாநாடு நடத்துகிறவர்களிடம் போய், இந்த மெஷினில் இனி யார் ஸ்லைடையும் போடக் கூடாது என்றிருக்கிறார். பதினைந்து நிமிடத்தில் வேறு புரொஜெக்டர் வந்தது. நான் மூன்று தடவை கேட்டும் வராதது.

மதியம் அவர் தன் பையோடு வெளியே போனார். என் பக்கம் திரும்பவில்லை. அவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு பல வருடம் அதே வேலை பார்த்தேன். கெட்ட மெஷினைத் தொட மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, இரண்டு தடவை வேலை போகப் பார்த்தது. சூப்பர்வைசர் கேட்காதது அவர் குற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தம் நின்றபோது மெஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். அதை வேறு யார் தலையிலும் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.