மைக்கை நீட்டிய எம்பி

நாடாளுமன்ற உறுப்பினர் சங்கையாவின் பொதுவாழ்வு முழங்கால் அளவு தண்ணீரில் தொடங்கியது.

ராஜபாளையத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. வாகனங்களுக்காகக் கட்டியது. மழையோ அதைத் தனக்குக் கட்டிக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டது. ஐப்பசி பிறந்தால் போதும், உள்ளூர் கேபிள் சேனலான செண்பகம் டிவியின் செய்தியாளர் சங்கையா பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அதற்குள் இறங்கிவிடுவார். ஒளிப்பதிவாளர் வேல்பாண்டி மேட்டில் நிற்பார். கேமராவுக்குத் தண்ணீர் ஆகாது, செய்தியாளருக்கு ஆகும் என்பது சேனலின் கொள்கை.

சங்கையாவின் திறமை பேசாமல் இருப்பதில்தான் இருந்தது. "எத்தனை வருசமா இந்தக் கொடுமை? நீங்க சொல்லுங்க" என்று எதிரே வருகிறவர் வாய்க்கு நேரே மைக்கை நீட்டிவிடுவார். நனைந்தவர்கள் கொட்டித் தீர்ப்பார்கள். தண்ணீரில் ஆரம்பித்து மருமகனில் முடிப்பவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டுவார்.

ஒரு தேசியக் கட்சி வேட்பாளரைத் தேடி வந்து, தொகுதியில் எல்லோருக்கும் தெரிந்த முகம் எது என்று விசாரித்தது. எல்லோருக்கும் தெரிந்த முழங்கால் ஒன்று இருப்பதாகத் தகவல் கிடைத்தது. சீட்டும் கொடுத்துவிட்டார்கள்.

பிரசாரத்தில் சங்கையா ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் திறந்த ஜீப்பில் நின்று "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று விளங்கவில்லை. கீழே நின்ற பால்கோவாக் கடைக்காரரிடம் மைக்கை நீட்டினார். கடைக்காரர் பால் விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நம்ம பேச்சைக் கேட்கிற அரசியல்வாதியை இப்போதுதான் பார்க்கிறோம் என்று தொகுதியே உருகிப்போனது. எதிர் வேட்பாளர்கள் தொண்டை கட்டும்வரை பேசித் தோற்றார்கள்.

அவர் சொந்த வாயால் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான். அதையும் வீட்டில் வைத்துத்தான் கொடுத்தார். மனைவி மாரீஸ்வரி பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். வேலைக்குப் போக அந்தச் சுரங்கப்பாதையைத்தான் தாண்டவேண்டும்.

"வர்ற ஐப்பசியில நான் நனையாம அந்தப் பக்கம் போகணும். இல்லன்னா டெல்லியில நீங்களே பொங்கித் தின்னுங்க" என்றாள் மாரீஸ்வரி.

சரி என்று தலையாட்டினார். அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். சமையலில் அதற்கு மேல் போனதில்லை.

டெல்லியில் பேச மூன்று நிமிடம் கிடைத்தது. சங்கையா எழுந்தார். "எங்கள் தொகுதியில் ஒரு சுரங்கப்பாதை. எத்தனை வருசமா இந்தக் கொடுமை?" என்றார். அவ்வளவுதான், கை தானாக வேலையைப் பார்த்தது. மேசையில் பொருத்தியிருந்த மைக்கின் கழுத்தை வளைத்து, பக்கத்து இருக்கையிலிருந்த ஒடிசா உறுப்பினர் பக்கம் திருப்பி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

அந்த மனிதர் பல மாதமாக வாய்ப்புக்குக் காத்துக்கிடந்தவர். தன் ஊரில் பாலமில்லாத ஆற்றைப் பற்றி ஒடியா மொழியில் கண்கலங்கப் பேசினார். மைக் அணையும்வரை சங்கையா தலையாட்டினார். அடுத்த மாதமே அந்த ஆற்றுக்குப் பாலம் அறிவித்தார்கள். அங்கே சங்கையாவுக்குப் பேனர் வைத்ததாகக் கேள்வி.

இங்கே ஐப்பசி பிறந்தது. சுரங்கப்பாதை நிரம்பியது. எம்பி பார்வையிட வந்தார். செண்பகம் டிவியின் புதுச் செய்தியாளர் பானுப்பிரியா, இது பற்றி நாடாளுமன்றத்தில் பேசினீர்களா என்று கேட்டு மைக்கை நீட்டினாள். சங்கையா அதை வாங்கிக்கொண்டார். டெல்லியில் யாரும் காணாத ஒரு தெளிவு அவர் முகத்தில் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்த ஒரு பெண்மணியிடம் நீட்டினார்.

"எத்தனை வருசமா இந்தக் கொடுமை? நீங்க சொல்லுங்கம்மா."

நீட்டிய பிறகுதான் யாரென்று பார்த்தார்.

மாரீஸ்வரி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள். சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். "இவரு டிவியில இருந்தப்ப தண்ணி முழங்கால் மட்டுக்கும் நின்னுச்சு. எம்பி ஆன பொறவு இடுப்பு மட்டுக்கும் ஏறிருச்சு. தயவுசெஞ்சு மந்திரி ஆக்கிப்புடாதீக" என்றாள்.

வேல்பாண்டி அன்று சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது. அந்த ஆட்டத்தோடேயே காட்சி நாடு முழுக்கப் பரவியது. ஒடிசா உறுப்பினர் நன்றி மறக்காதவர். அதை அவையில் எழுப்பி, இந்த முறையும் கண்கலங்கினார். சம்பந்தப்பட்ட துறை மோட்டார்களோடு ஓடிவந்து தண்ணீரை இறைத்தது. வடிகாலும் வெட்டிக்கொடுத்தது.

இனி டெல்லிக்கு வரலாமே என்று சங்கையா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். தான் சொன்னது ஐப்பசி, வடிந்தது கார்த்திகை என்று மாரீஸ்வரி நினைவுபடுத்தினாள். எம்பி ரசம் வைக்கப் பழகினார்.

தை மாதம் அவர் ஊரில் இருந்தபோது கட்சித் தலைமையிலிருந்து போன் வந்தது. அடுத்த தேர்தலில் அவருடைய தொகுதியில் மாரீஸ்வரி நிற்பாரா என்று மரியாதையாகக் கேட்டார்கள். சங்கையா போனை மாரீஸ்வரியின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"வேலைக்கு நேரமாச்சு. அவியளைச் சாயங்காலம் கூப்பிடச் சொல்லுங்க" என்று வண்டியை எடுத்த மாரீஸ்வரி, சுரங்கப்பாதைக்குள் செருப்புக் காலோடு இறங்கி, நனையாமல் அந்தப் பக்கம் ஏறிப் போனாள்.