ஆடிக் காற்றில் அத்தை தைத்த பந்தல்

எங்கள் கம்பைநல்லூரில் அப்போதெல்லாம் கல்யாணப் பந்தல் என்றால் தென்னங்கீற்றுதான். எழுபதுகளில் ஒரு வருடம் மழை பொய்த்துக் கிணறெல்லாம் காய்ந்து, கீற்றுக்கே பஞ்சம் வந்துவிட்டது. அந்த வருடம் பார்த்துத்தானா என் அத்தைக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும்! அதுவும் ஆடியில். ஊரில் மற்றவர்கள் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகளுக்கு அந்தக் கணக்குக் கிடையாது. ஆனால் ஆடிக் காற்று வீடு பார்த்தா வீசும்?

என் தகப்பனாரை நாங்கள் அத்தா என்போம். அத்தாவும் அவர் தங்கையான அத்தையும் முன்னறையில் ஆளுக்கொரு தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவர்கள். கீற்றுக்கு அத்தா அலைந்து திரும்பியபோது, "விடுங்கண்ணா, துணியிலயே போட்டுக்கலாம்" என்றாள் அத்தை. தர்மபுரியில் ஏதோ கூட்டத்துக்குப் போட்ட சாமியானாவை அவள் பார்த்திருந்தாள். அன்றே ஒரு கைக்குட்டையை நான்கு ஈர்க்குச்சிகளில் கட்டி வாசல் மண்ணில் நட்டு, நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். மாதிரி தயார். பிறகு வெள்ளைக் காடாத்துணியும் சிவப்புத்துணியும் பட்டை பட்டையாக மிஷினில் ஓடின. தன் கல்யாணப் பந்தலைத் தானே தைத்துக்கொண்ட பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. பாப்பிரெட்டிப்பட்டி மாப்பிள்ளை வீட்டார், "எங்க வூட்டுப் பொம்பளைங்க தொழில் செய்யறதில்லீங்க" என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மிஷின் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு அத்தை மிஷினுக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. அந்த மிஷின் இனிமேல் உனக்குத்தான் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மூங்கில் நட்டுப் பந்தலைக் கட்டினார்கள். அடடா, என்ன அழகு! சட்டை தைக்கிற கைகள் அல்லவா, ஊசி நுழைய இடைவெளி விடாமல் இரட்டைத் தையல் போட்டு, நாலு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அத்தா தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மத்தியானம் மாப்பிள்ளையின் தாயார் நாலைந்து பெண்களோடு வந்து, முறைப்படி அத்தையின் உள்ளங்கைகளில் மருதாணி வைத்தார். காயும்வரை எதையும் தொடக் கூடாது, வாசலுக்கும் வரக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. பந்தல் ஒருதரம் உப்பியது, இரண்டு மூங்கில்கள் குழியை விட்டு எழும்பின. ஓடிப்போய் ஒன்றைக் கட்டிப்பிடித்த அத்தா, மூங்கிலோடு தானும் எழும்பிக் கால் உதறினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

உள்ளேயிருந்து அத்தை வந்தாள். முக்காடு நழுவ, கையில் பிளேடோடு!

"அய்யோ, மருதாணி! உள்ள போ புள்ள!" என்று அம்மா அலறினாள்.

"கீத்துல சந்து இருக்குதுண்ணி, காத்து போயிருது. இதுல எங்க போவும்?" என்று கத்திக்கொண்டே, தழைந்து விழுந்த பக்கத்தில் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பட்டைகளுக்கு நடுவே நீளநீளமாகச் சந்து விட்டாள். பச்சை மருதாணி வழிந்து வெள்ளைத் துணியெல்லாம் அப்பியது. நான் மாப்பிள்ளையின் தாயாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தான் வைத்த மருதாணி பாழாவதை அந்த அம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தார். போச்சு, கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன்.

அவர் படியிறங்கிப் போய்ப் பந்தலின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "நீ பிரிம்மா, நான் புடிச்சுக்கறேன்."

மறுபடி மூங்கிலை நட்டபோது காற்று சந்துகளின் வழியே புகுந்து போயிற்று. துணி படபடத்ததே தவிர எழும்பவில்லை. அந்த அம்மாள் அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, அத்தையின் கையைத் திருப்பி மிச்ச மருதாணியைத் துடைத்தார். பிறகு அத்தாவிடம் சொன்னார்: "தம்பி, பொண்ணு மட்டும் வந்தாப் பத்தாதுங்க. அதோட மிஷினும் கூட வரணும்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் வேண்டாம் என்றார்கள், இப்போது நல்ல மிஷினைக் கண்டதும் ஆசை வந்துவிட்டதா? என் மிஷின்! மறுநாள் நிக்காஹ் விருந்தில் பிரியாணியைக்கூட அந்தக் கோபத்தோடுதான் தின்றேன்.

பின்னாளில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பாதிக் கல்யாணங்களுக்கு அத்தை தைத்த பந்தல்தான் நின்றது. அது எனக்கு அன்றைக்கு எப்படித் தெரியும்? வண்டியில் மிஷினை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அத்தை அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பாவம் அத்தை, தனக்கென்று இருந்த ஒரு மிஷினையும் பிடுங்கிக்கொள்கிறவர்களிடம் போய் மாட்டிக்கொண்டாளே என்று, நானும் வண்டிக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன்.