சித்தி போட்ட அணில்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறேன். கையில் மயில், முதுகில் யானை, கழுத்தைச் சுற்றி அன்னம் என்று கேட்பார்கள். என் மயிலுக்குத் திருவிடைமருதூர் வரை பெயர் உண்டு. இதே வீட்டில் இருக்கும் என் கொழுந்தன் மனைவிக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மயில் கழுத்துக்கென்று நீலப் பட்டு நூல் வாங்கி வைத்தேன். சென்னையில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்தாள்.

"அம்மா, என் ரவிக்கையைச் சித்தி போடட்டுமே."

"ஏன்டி, என் மயிலுக்கு என்ன?"

"மயில் எல்லாரும் போட்டுக்கறாங்கம்மா. சித்தி போன்ல வரைஞ்சு அனுப்பினாங்க. கையைச் சுத்திக் குரங்குங்க கல்லைத் தூக்கிட்டுச் சேது கட்டப் போகுது. முதுகுல ராமர் கை, அதுல அணில்."

ஆக, இருவரும் எனக்குத் தெரியாமல் பேசி முடித்திருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க வேணாம்னா நான் தொடமாட்டேன்" என்றாள் கொழுந்தன் மனைவி. அந்த மரியாதைதான் இன்னும் எரிந்தது.

"போடு, போடு. எனக்கும் வேலை தலைக்கு மேல கிடக்கு."

இரவு கணவரிடம், "கல்யாணத்துக்குப் போய்க் குரங்கா?" என்றேன். "அனுமாரு யாராம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த துணியைக் குனிந்து பார்த்தேன். ஒரு குறையாவது கிடைக்காதா என்றுதான். அணிலின் முதுகில் வெள்ளிச் சரிகையில் மூன்று கோடு. வாலுக்கு நூலை இறுக்காமல் தளர்த்தி விட்டிருந்தாள், ஊதினால் சிலிர்த்தது. சட்டத்தைத் தூக்கித் துணியின் அடிப்பக்கமும் பார்த்தேன். ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை. அழுகை வந்தது.

மண்டபத்தில் பெண்கள் மகளைத் திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்த்தார்கள்.

"அம்மா கை வேலையா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"இல்ல அத்தை, சித்தி போட்டது."

"அக்கா சொல்லிக் கொடுத்ததுதாங்க" என்றாள் அவள் உடனே. பிச்சை போட்ட மாதிரி இருந்தது எனக்கு. சிரித்து வைத்தேன்.

இப்போது முன்னறையில் அவள் சட்டமும் என் சட்டமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அவங்க இல்லீங்களா?" என்கிறார்கள்.

"வந்துடுவா, உக்காருங்க" என்று காபியும் கொடுக்கிறேன். அவள் உள்ளே நுழைந்ததும் அவர்கள் முகம் மலரும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருப்பேன்.