ஏழாவது மாடிக்கு வந்த பாப்பா

“ஒரு வாட்டி வந்து எங்க ஊட்டப் பாரு சார்!”

செல்வி ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முகப்பேரில் எங்கள் தெருமுனையில் துணி தேய்ப்பவர். கால்வாய் ஓரத்தில் இருந்த குடிசையை எடுத்துவிட்டு, ஆவடி தாண்டி அரசு அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். ஏழாவது மாடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். லிஃப்ட் ஓடவில்லை. நாலாவது மாடியிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

“வீடு எப்படிம்மா?”

“ஊடு சூப்பரா கீது சார். கதவ சாத்திகினு குளிக்கிறேன். மழ வந்தா தண்ணி உள்ள வராது. கீழ எறங்கணும்னாதான்...”

முடிப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அலறல். நசீமா — நிறைமாதம். கணவர் அம்பத்தூர் கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ரெச்சர் மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. என்ன செய்வது? செல்வி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து நசீமாவை உட்கார வைத்தார். நாலு ஆண்கள் தூக்கினார்கள்.

“அண்ணாத்தே, அந்தாண்ட கால கெட்டியா புடி!”

“மெதுவா... மெதுவா...”

என் வேலை? முன்னால் ஓடி, படியில் நின்ற சைக்கிள்களையும் தண்ணீர்க் குடங்களையும் ஒதுக்கியதுதான். நசீமா செல்வியின் கையை விடவே இல்லை. “அக்கா, பயமா இருக்குக்கா...” ஒவ்வொரு வளைவிலும் நாற்காலி சாய்ந்தது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

இந்த வீடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டால் சுவர், கூரை, கழிவறை பார்த்து மார்க் போடுகிறோம். நானே போட்டிருப்பேன் — நல்ல மார்க்! உள்ளே இருக்கிறவர் அவசரத்துக்கு வெளியே வர முடியுமா என்று யார் பார்க்கிறோம்?

டிஸ்சார்ஜ் ஆகி வந்த கதையைச் செல்வி பிறகு சொன்னார். அன்றும் லிஃப்ட் ஓடவில்லை. தையல் போட்ட உடம்போடு நசீமா சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறியிருக்கிறார். ஒவ்வொரு மாடியிலும் யாராவது கதவைத் திறந்து வந்து, குழந்தையை வாங்கி, அடுத்த மாடிவரை தூக்கிப் போயிருக்கிறார்கள். முன்பின் பேசாதவர்கள்கூட!

“புள்ள முழிக்கவே இல்ல சார்” என்றார் செல்வி.

இப்படிப்பட்ட அக்கம்பக்கத்தை எந்த அரசாலும் கட்டிக் கொடுக்க முடியாது. லிஃப்டை ஓட வைக்க முடியும்... அதையாவது செய்யலாமே!