சாக்கடைக்குப் போன மருந்து

எண்பதுகளில் தாம்பரத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தபோது, காசநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, நிருபர்களுக்குப் பேட்டி கொடுக்கக் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறேன். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதுவரை முடிவாகியிருந்தது.

குற்றம் பேராசிரியருடையது. புத்தகத்தில் விடை உள்ள சோதனைகளையே செய்துகொண்டிருந்த எங்கள் எட்டுப் பேரிடம், யாரும் இதுவரை செய்யாத எட்டுச் சேர்மங்களைச் செய்யச் சொன்னார். மூலக்கூறின் உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான்; அதில் ஒட்டவைக்க ஆளுக்கொரு வால். எந்த வால் கிருமியை அடக்குகிறது என்று வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எட்டும் சேர்ந்து போக வேண்டும். சனிக்கிழமை பார்சல்.

வியாழக்கிழமை என் வடிதாளில் வெள்ளைவெளேரென்று மூன்று கிராம். கணக்குப்படி இரண்டுக்கு மேல் வர வழியில்லை. கைராசி என்று எடுத்துக்கொண்டேன்.

சூடாக்கி உருகுநிலை பார்த்தோம். சூடேற்ற வைத்த எண்ணெய்தான் புகைந்தது, பொடி அசையவில்லை. பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, ஈரத்தை உறிஞ்ச உப்புப் போட்டீங்களே, வடிகட்டினீங்களா?”

“இதோ சார்.”

“வடிஞ்ச திரவம்?”

“சிங்க்ல ஊத்திட்டேன் சார்.”

“உப்பு நல்லாக் காஞ்சிருக்கு” என்றார்.

முந்தின வாரச் சோதனையில் தாளில் தங்கியது சரக்கு, கீழே இறங்கியது கழிவு. இந்த வாரம் நேர்மாறு என்று எனக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை.

“விடு மச்சான், இனிமே தாம்பரம் சாக்கடைக்கு டி.பி.யே வராது” என்றான் பக்கத்து மேஜைக்காரன், ஊரப்பாக்கத்திலிருந்து வருபவன். சொல்லிவிட்டு, தன்னிடம் மிச்சமிருந்த ‘உடம்பை’ என் குடுவையில் கொட்டினான். மற்றவர்களும் வந்து ஆளுக்கொரு சிட்டிகை போட்டார்கள். யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு நின்றான். வடிந்த திரவத்தை மட்டும் என் கையில் கொடுக்கவேயில்லை. சாயங்காலம் அழுக்கு மஞ்சளில் கொஞ்சம் பொடி கிடைத்தது. இந்தத் தடவை சூடாக்கியதும் ஒழுங்காக உருகியது. எட்டும் சேர்ந்து போயின.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. அவனுடையதும் இன்னொன்றும் கிருமியை ஓரளவு தடுத்திருந்தன. மருந்தே போடாத குழாயைவிட என் குழாயில் கிருமி சற்றுச் செழிப்பாக வளர்ந்திருந்தது.

“அதுவும் ஒரு முடிவுதான் தம்பி. எந்த வால் வேண்டாம்னு தெரிஞ்சுதே” என்று பேராசிரியர் தட்டிக்கொடுத்தார். லேசாக நிமிர்ந்தேன்.

வராந்தாவுக்கு வந்ததும் ஊரப்பாக்கத்துக்காரன் தோளில் கைபோட்டான்.

“கவலைப்படாதே மச்சான். டானிக் கம்பெனியில கேட்டுப் பார்ப்போம்.”