அக்காவுக்காக ஒரு போனும் அலறவில்லை

கியூபெக்கின் புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் மருந்துக்கடைச் சாமான்களைப் பெட்டி கட்டி அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். என் மேசைக்கு எதிரே நின்றவள் மாகாணத்தின் வடகோடியில் இனுவிட் பூர்வகுடிகளின் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் சிரிக்க வைத்துவிடுவாள். வைத்தியத்துக்காக ஊரிலிருந்து வந்த அவளுடைய அக்கா அவளுடன்தான் தங்கியிருந்தார். அக்காவுக்கு நீரிழிவு. பக்கவாதம் ஒருமுறை வந்து போனதிலிருந்து ஆங்கிலச் சொற்கள் நழுவிப் போயிருந்தன. பதற்றம் வந்தால் தாய்மொழி மட்டும்தான் வாயில் வரும்.

ஒரு திங்கட்கிழமை அவள் வீங்கிய கண்களோடு வேலைக்கு வந்தாள்.

"அக்கா சனிக்கிழமை மூலையில இருக்கிற டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனவள். இன்னும் திரும்பி வரேல்லை. பொலிசுக்குப் போன் பண்ணினன். பொறுத்துப் பார் எண்டு சொல்லுறாங்கள்."

லீவு எடுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் வந்திருந்தாள். மத்தியானம் களஞ்சியத்தில் இருந்த எல்லாப் போன்களும் அரசாங்கத்தின் அவசர எச்சரிக்கையோடு ஒன்றாக அலறின. வேறொரு ஊரில் ஒரு குழந்தையைக் கடத்திவிட்டார்களாம். காரின் நிறம், இலக்கத்தகடு எல்லாம் திரையில் வந்தன. வேலை முடிவதற்குள் குழந்தை கிடைத்துவிட்டது. எல்லோரும் கைதட்டினோம், அவளும் தட்டினாள். பிறகு என்னிடம் வந்து கேட்டாள்:

"இதை ஆர் அடிக்கிறது? அக்காவுக்கும் அடிக்கச் சொல்லேலுமோ?"

வேலை முடிந்ததும் இருவரும் டவுன்டவுனில் இருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் இளைஞர், மரியாதையானவர். இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு பிரெஞ்சுக்குத் தாவினார். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவளுடைய ஆட்கள் இந்த மண்ணில் வாழும் காலத்துக்குக் கணக்கே இல்லை. அகதியாக வந்து இறங்கிய நான், அரசாங்க வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சில், அவளுக்காகப் பேச வேண்டியிருந்தது. அந்தக் கூச்சம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

"குடிப்பாரா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், அவளைப் பார்க்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன்.

"இல்லை. தேவாலயத்தில பாடுறவள்."

"இவர்களுடைய ஆட்கள் கூடுகிற சதுக்கம் இருக்கிறதே, அங்கே தேடினீர்களா?"

அதையும் மொழிபெயர்த்தேன். அங்கேயும் தேடிவிட்டதாகச் சொன்னாள். பிறகு போன் எச்சரிக்கையைப் பற்றிக் கேட்கச் சொன்னாள்.

"அது கடத்தப்பட்ட பிள்ளைகளுக்கு. உங்கள் அக்கா வளர்ந்தவர். வளர்ந்தவர்களுக்குக் காணாமல் போகவும் உரிமை இருக்கிறது."

எனக்குக் கோபம் வந்தது. அந்த விதியை எழுதியவர் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்: "பால் வாங்கப் போனவர், மருந்தில்லாமல், பேச்சு வராமல் எங்கோ நிற்கிறார். இதில் எந்த உரிமையைப் பயன்படுத்துகிறார்?" அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

சில நாட்கள் கழித்து பொலிசின் இணையப் பக்கத்தில் சிறிய குறிப்பு ஒன்று வந்தது. கிராமத்தின் பெயர் பிழை. நீரிழிவு பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குள் நாங்களே அக்காவின் படத்தை எங்கள் போன் இலக்கங்களோடு அச்சடித்து மெட்ரோ வாசல்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் ஒட்டத் தொடங்கியிருந்தோம். நான் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் வழக்கமாக மரக்கறி வாங்கும் தமிழ்க் கடைக்கும் போனேன்.

"அண்ணை, இதைக் கண்ணாடியில ஒட்டலாமோ?"

"ஆர் பிள்ளை, எங்கட ஆக்களோ?"

"இல்லை அண்ணை, இனுவிட் மனிசி."

"அப்ப இஞ்ச வாற சனத்துக்கு என்ன தெரியப்போகுது? இடமும் இல்லை."

கண்ணாடி முழுக்கச் சேலை மலிவு விற்பனையும் இசைநிகழ்ச்சி விளம்பரமும். பொலிஸ் நிலையத்தில் வந்த கோபத்தைவிட இது பெரிதாக வந்தது.

"காணாமல் போன பிள்ளையளின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு கிளிநொச்சியில தெருவோரம் இருக்கிற தாய்மார் எங்கட ஆக்கள்தானே அண்ணை? அவையை ஆரும் பாக்கேல்லை எண்டு எவ்வளவு கத்துறம்."

அவர் சேலை விளம்பரம் ஒன்றை உரித்தெடுத்துவிட்டு ஒட்டுநாடாவை நீட்டினார்.

அந்தக் கண்ணாடியில் படத்தைப் பார்த்த ஒரு தமிழ்ப் பெண்தான் அடுத்த வாரம் எனக்குப் போன் எடுத்தார்.

"உந்தப் படத்தில இருக்கிறவ ஆஸ்பத்திரியில என்ர மாமிக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறா. ஒரு சொல்லும் கதைக்கிறா இல்லை. ஆரும் பாக்க வாறதும் இல்லை."

அந்த ஆஸ்பத்திரி பொலிஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா அந்தச் சனிக்கிழமையே தெருவில் விழுந்திருக்கிறார். இரண்டாவது பக்கவாதம். ஆம்புலன்ஸ் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அடையாள அட்டை இல்லாததால் பெயர் தெரியாதவராகவே கிடந்திருக்கிறார். முதலில் குடித்துவிட்டு விழுந்தவர் என்று நினைத்ததாக ஒரு தாதி, குரலைத் தாழ்த்தி, எங்களிடம் சொன்னார். அந்த நினைப்பில் போன நேரம்தான் அக்காவின் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது என்று நான் நம்புகிறேன். அதை நிரூபிக்க என்னால் முடியாது.

தங்கை கட்டிலோரம் குனிந்து தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அக்காவின் கண்களிலிருந்து நீர் காதோரமாக வழிந்தது.

நாங்கள் தகவல் கொடுத்த பிறகு பொலிசிலிருந்து போன் வந்தது. "நல்ல செய்தி. கோப்பை மூடுகிறோம்" என்றார் ஒருவர். பக்கத்து ஆஸ்பத்திரியில் யாராவது விசாரித்தார்களா என்று கேட்டேன். நடைமுறைப்படி எல்லாம் செய்யப்பட்டது என்றார்.

அவள் வேலையை விட்டுவிட்டு அக்காவைச் சக்கரநாற்காலியில் ஊருக்குக் கொண்டுபோனாள். எதிர் மேசையில் இப்போது வேறொருவர் நிற்கிறார்.

வசந்தகாலத்தில் பொதுப் பாதுகாப்பு பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தது. நானும் போய் வரிசையில் நின்று, அவளிடம் அனுமதி கேட்டு வைத்திருந்த இந்தக் கதையைச் சொன்னேன். காணாமல் போகும் தங்கள் பெண்களுக்கும், நோயாளிகளுக்கும், நினைவு தவறியவர்களுக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று பூர்வகுடிப் பெண்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பதையும் சொன்னேன். அடிக்கடி போன் அலறினால் மக்களுக்கு அலுப்பு வந்துவிடும், கவனிக்கமாட்டார்கள் என்றார் மேடையில் இருந்த அதிகாரி.

"அலுப்பு வரும் அளவுக்கு இவர்கள் காணாமல் போகிறார்கள் என்று ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன்.

கூட்டத் தலைவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் நின்றவர் கார் நிறுத்தும் இடங்களைப் பற்றிப் பேச வந்திருந்தார். நான் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து நகரவில்லை. எனக்கு இன்னும் பதில் வரவில்லை என்று சொன்னேன்.