பூச்சி கட்டிய தோட்டத்தின் எல்லை

பூச்சி, நாலு பேர் முன்னால் இந்தப் பெயரைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

இன்று அவளுக்காக ஜெபிக்க வந்திருக்கிற உங்களுக்கெல்லாம் அவள் ஸ்டெல்லா, தெஹியோவிட்டவில் ரிஸ்வான் நானாவின் போட்டோகொப்பி கடையில் வேலை செய்தவள். எனக்குத் தங்கச்சி. அவள் போய்விட்ட செய்தி வந்தபோது நான் ரப்பர் மலையில் பால் சேர்த்துக்கொண்டிருந்தேன். கங்காணி வந்து, "வாளிய அங்கேயே வச்சிட்டு வாம்மா" என்றார். நேரத்துக்கு முன்னால் வாளியைக் கீழே வைக்க விடுகிற மனிதர் இல்லை அவர். அதிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வாரக் காய்ச்சல்தான்.

அவள் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு தோட்டம் கட்டினாள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வீடியோ கேமில் ஆட்கள் ஓடி விளையாடுவதற்கான இடத்தை நாமே கட்டிக் கொடுக்கலாமாம். நம் லயத்து வீடுகள், ரப்பர் மரங்கள், மாதா கோயில் படிகள், எல்லாம் வைத்தாள். லயத்து வாசலில் கையில் பிளேன்டீ கோப்பையோடு நிற்கிற பெண்ணாகத் தன்னையும் வைத்துக்கொண்டாள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ வந்து ஓடினார்கள். தோட்டம் முடிகிற இடத்திலும் நிற்காமல் ஓடி, வெறும் வானத்தில் விழுந்தார்கள்.

"இந்த மாதிரிப் பிழைக்கு இங்கிலீசுல 'பக்'னு பேராம்க்கா, பூச்சின்னு அர்த்தமாம். என் பேர எவன் சொல்லிக் குடுத்தானோ!"

சிரித்தாள், ஆனால் சோறு இறங்கவில்லை. விழுகிறவர்கள் கூடினால் தோட்டத்தையே கேமிலிருந்து தூக்கிவிடுவார்களாம்.

முதலில் கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்தாள். முட்டிக்கொண்டவர்கள் எல்லாம் ஏசி எழுதினார்கள். "ஏன் போகக்கூடாதுன்னு தெரியணும்க்கா. தெரிஞ்சா அவனாவே திரும்புவான்" என்றாள். பிறகு என்னைக் கேட்டாள், "நம்ம ஆளுங்க ஏங்க்கா எல்லையத் தாண்டுறதில்ல?"

"அந்தப் பக்கம் போனா அட்டை கடிக்கும். இந்தப் பக்கம் கங்காணி கடிப்பாரு."

சுவரை எடுத்துவிட்டு அட்டையை வைத்தாள். அட்டையைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் எல்லைக்கு ஓடியது.

கடைசியில், எல்லையில் வைக்க என் குரலைத் தரச் சொன்னாள். போனை வாய்க்கருகில் பிடித்ததும், பூசையில் வாசகம் படிக்கிற மாதிரி, "அன்பானவர்களே, தயவுசெய்து திரும்பி வாருங்கள்" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் ஆடு பக்கத்து வீட்டு மரக்கறிப் பாத்திக்குள் நுழைந்தது. நான் கத்தியதை அவள் திருட்டுத்தனமாகப் பதிந்துகொண்டாள்.

"ஏய்! அங்க என்னடி வேலை? கால ஒடிச்சிருவேன், வா இங்க!"

எல்லையைத் தொட்டால் அந்தக் குரல்தான். தமிழே தெரியாதவர்கள்கூடத் திரும்பி ஓடினார்கள். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று ஒருவர் எழுதிக் கேட்டாராம்.

"கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராகன்னு போட்டுட்டேன்க்கா."

"பாவம்டி!"

"ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்ட சொல்லிக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்கு வரவில்லை. காய்ச்சல் தொடங்கியிருந்தது.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் ரிஸ்வான் நானா வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, கோயில் படிக்குப் பின்னால ஒரு இடம் தொறந்து கெடக்குது. எல்லாரும் அதால போய்த்தான் விழுறாங்க. பழைய சத்தத்த வச்சுப் பார்த்தோம். கேட்டுப் பழகிட்டாங்க, சிரிச்சிக்கிட்டே போறாங்க. நீங்க புதுசா ஒண்ணு கத்திக் குடுங்க" என்றார்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தோட்டம்தான். அதைத் தூக்கிவிட்டால் வாசலில் நிற்கிற அவளும் போய்விடுவாள். மூன்று நாளாகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். 'ஏய்' வரைக்கும் வருகிறது. அதற்குமேல் வரமாட்டேன் என்கிறது. எந்தச் சொல்லுக்கு ஆள் திரும்பும் என்பது உனக்குத்தான் தெரியும்.

பூச்சி, போகிறவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வருவார்கள்?